மெசலமின் தொடங்கிய 16-ஆம் நாள் நெஞ்சு வலி: பெருங்குடல் அழற்சி நோயாளியின் இதயத் தசை அழற்சி குறித்த நிகழ்வு ஆய்வு

குடல் அழற்சி நோய் உள்ளவருக்கு நெஞ்சு வலி வந்தால் ஈசிஜி எடுக்கவும் ட்ரோபோனின் (இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் ஏறும் புரதம்) பார்க்கவும் யாரும் மறப்பதில்லை. மறந்துபோவது ஒரு கேள்விதான்: குடலுக்கான மாத்திரையை எந்தத் தேதியில் தொடங்கினீர்கள்?

இங்கே வரும் நோயாளி ஒரு தனி மனிதர் அல்லர். குடல் அழற்சி மருந்தான மெசலமினால் வரும் இதயத் தசை அழற்சி பற்றிப் பல நாடுகளிலிருந்து பதிவான நிகழ்வுகளில் திரும்பத் திரும்பக் காணும் கூறுகளைக் கோத்துப் பயிற்சிக்காக அமைத்த நிகழ்வு இது. அவருடைய பரிசோதனை எண்களும் அப்படி வைக்கப்பட்டவையே. ஆய்வுகளின் எண்கள் மட்டும் வெளியானபடி தரப்பட்டுள்ளன.

நோயாளி

29 வயது ஆண், எடை 62 கிலோ. புகைப்பழக்கம், சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை. குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர் இல்லை. நான்கு மாதமாக மலத்தோடு ரத்தமும் சளியும் போயின. முதல் இரண்டு மாதம் மூலம் என்று வைத்துக் களிம்பும் மலமிளக்கியும் கொடுக்கப்பட்டன. நம் ஊரில் இந்த நோய்க்கு வழக்கமாக நேரும் தாமதம் இது. மூலத்தில் பெரும்பாலும் ரத்தம் மட்டும் சொட்டும். சளி கலந்து வந்தாலோ, இரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்பினாலோ, போய்விட்டு வந்த பிறகும் மறுபடி போகவேண்டும் போலிருந்தாலோ கொலோனோஸ்கோப்பியைத் தள்ளிப்போடக் கூடாது.

கொலோனோஸ்கோப்பியில் மலக்குடல் முதல் மண்ணீரல் வளைவு வரை தொடர்ச்சியான அழற்சி தெரிந்தது. மேயோ எண்டோஸ்கோப்பி மதிப்பு 2 (0 முதல் 3 வரையான அளவில்). திசுப் பரிசோதனையில் சுரப்பிக் குழிகள் உருக்குலைந்து, அவற்றில் சீழ் நுண்கட்டிகளும் இருந்தன. இடப்பக்க அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உட்படலத்தைப் புண்ணாக்கும் நாட்பட்ட அழற்சி) என்று உறுதியானது. மலத்தில் கால்ப்ரோடெக்டின் (குடல் அழற்சியின் அளவைக் காட்டும் புரதம்) கிராமுக்கு 1,150 மைக்ரோகிராம். சிகிச்சையாக 1.2 கிராம் மெசலமின் மாத்திரை நான்கை ஒரே வேளையில் எடுக்கச் சொன்னார்கள். ஆக ஒரு நாளைக்கு 4.8 கிராம். கூடவே இரவில் 4 கிராம் மெசலமின் எனிமா. இது சரியான தொடக்கம். இரண்டு வாரத்தில் மோஷன் எட்டு முறையிலிருந்து ஆறாகக் குறைந்தது, ரத்தமும் குறைந்தது.

16-ஆம் நாள் காய்ச்சல் வந்தது. மாலையில் நடுநெஞ்சில் குத்துவது போன்ற வலி. படுத்தாலும் மூச்சை இழுத்தாலும் கூடியது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறைந்தது. பக்கத்து கிளினிக்கில் கேஸ் என்று பான்டோப்ரசோல் ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் வலி இடது தோளுக்கும் பரவ, அவசரப் பிரிவுக்கு வந்தார்.

நாடி 112, ரத்த அழுத்தம் 104/66, வெப்பநிலை 38.2 டிகிரி செல்சியஸ், ஆக்சிஜன் செறிவு 97%. கழுத்துச் சிரை புடைக்கவில்லை, இதய உறை உரசும் ஒலியும் கேட்கவில்லை. ஹீமோகுளோபின் 10.9, வெள்ளணுக்கள் 11,200, அவற்றில் ஒவ்வாமையில் கூடும் ஈசினோஃபில் 6%. அழற்சியைக் காட்டும் சிஆர்பி லிட்டருக்கு 86 மி.கி. பொட்டாசியம் 3.2, மெக்னீசியம் 1.5 மி.கி. ட்ரோபோனின் ஐ 3,940 நானோகிராம்/லிட்டர். அந்த ஆய்வக முறையில் ஆண்களுக்கான மேல்வரம்பு 34. மூன்று மணி நேரம் கழித்து 4,310.

வழி தவறக்கூடிய முதல் இடம்

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எவ்வளவு கடுமையானது என்று கணிக்க, 1955-இல் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் வகுத்த அளவுகோல்தான் இன்றும் கையில் இருக்கிறது. நாளுக்கு ஆறோ அதற்கு மேலோ ரத்தப்பேதி, அதோடு நாடி 90-க்கு மேல், வெப்பநிலை 37.8-க்கு மேல், ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழ், ஈஎஸ்ஆர் 30-க்கு மேல் என்ற நான்கில் ஏதாவது ஒன்று இருந்தால் அது கடும் கொலைட்டிஸ்.

இந்த நோயாளிக்கு மோஷன் ஆறு. நாடி 112, காய்ச்சலும் உண்டு. கட்டத்தை டிக் செய்தால் கடும் கொலைட்டிஸ் என்றே விடை வரும். குடல் வார்டில் சேர்த்து, ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஆறு மணிக்கு ஒருமுறை ஏற்றி, நெஞ்சு வலியை ஓரத்தில் எழுதிவைத்துவிட முடியும். அப்படி நடந்தால் இரண்டு தவறுகள் சேர்ந்துகொள்ளும்: இதயம் கண்காணிக்கப்படாமல் போகும், மெசலமின் ‘வழக்கமான மருந்து’ என்ற தலைப்பின்கீழ் தொடரும்.

அளவுகோலில் குறையில்லை. நாடியும் காய்ச்சலும் குடலிலிருந்து வந்தவை என்ற அனுமானத்தில்தான் அது நிற்கிறது. இங்கே அவை இரண்டும் இதயத்திலிருந்து வந்தவை. மோஷன் குறைந்து ரத்தமும் குறைந்துகொண்டிருக்கும் வேளையில் நாடியும் சிஆர்பியும் மட்டும் எகிறினால், குடல் அல்லாத வேறிடத்தைத் தேட வேண்டும். சேர்க்கப்பட்ட நான்காம் நாள், குடலைக் கழுவாமல் குறைந்த காற்றோடு செய்த சிக்மாய்டோஸ்கோப்பியில் அழற்சி முன்பைவிடத் தணிந்தே இருந்தது; கால்ப்ரோடெக்டினும் 640-ஆக இறங்கியிருந்தது. சிஆர்பி 86-ஐ இந்தக் குடலைக் கொண்டு விளக்க முடியாது.

ஆஞ்சியோ செய்தது சரியா?

ஈசிஜியில் 1, 2, ஏவிஎல், வி4 முதல் வி6 வரையான லீடுகளில் எஸ்டி பகுதி 1 முதல் 2 மி.மீ. உயர்ந்து, மேல்நோக்கிக் குழிந்திருந்தது. லீடு 2-இல் பிஆர் பகுதி சற்றுத் தாழ்ந்திருந்தது. பக்கச் சுவரின் மேற்பகுதியில் மாரடைப்பு என்றால் 3, ஏவிஎஃப் லீடுகளில் எதிர்த்தாழ்வு தெரிய வேண்டும். இங்கே ஏவிஆரில் தவிர எங்கும் இல்லை. எக்கோவில் பக்கச் சுவர் மந்தமாக அசைந்தது, இடது கீழறையின் வெளியேற்ற விகிதம் (ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் ரத்தத்தின் பங்கு) 46%, இதய உறைக்குள் 4 மி.மீ. அளவுக்கு நீர்.

வயது, வலியின் தன்மை, காய்ச்சல், குழிந்த எஸ்டி எல்லாமே அழற்சியைக் காட்டுகின்றன. ஆனாலும் ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டது, செய்திருக்கத்தான் வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பிடிக்கும் தசை அழற்சி மாரடைப்பின் ஈசிஜியை அச்சு அசலாகக் காட்டும். அதைவிட முக்கியம், நோயாளி யார் என்பது. குடல் அழற்சி கிளர்ந்திருக்கும்போது தட்டணுக்கள், ஃபைப்ரினோஜென், எட்டாம் உறைகாரணி எல்லாம் உயர்ந்து ரத்தம் உறையும் பக்கம் சாய்ந்திருக்கும். கொழுப்புப் படிவே இல்லாத இளவயது இதயத் தமனியிலும் கட்டி அடைக்கலாம். ‘29 வயசுதானே’ என்ற ஆறுதல் இந்த நோய் உள்ளவருக்குப் பொருந்தாது.

மணிக்கட்டு வழியாகச் செய்த ஆஞ்சியோவில் மூன்று தமனிகளும் சுத்தமாக இருந்தன. அதற்கு முன் ஆஸ்பிரின் 300 மி.கி. கொடுக்கப்பட்டிருந்தது, இரண்டாவது தட்டணு எதிர்ப்பு மருந்து ஆஞ்சியோ முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. கேத் லேப் பக்கத்திலேயே இருக்கும்போது, ரத்தப்பேதி உள்ளவருக்கு டிக்காக்ரெலர் 180 மி.கி.யை முன்கூட்டியே கொடுப்பதில் கிடைக்கும் லாபம் கொஞ்சம், குடலில் கசியக்கூடிய ரத்தம் அதிகம். தமனிகள் சுத்தம் என்று தெரிந்ததும் ஆஸ்பிரினும் நிறுத்தப்பட்டது. இந்தக் கடைசிப் படிதான் அடிக்கடி விட்டுப்போகிறது: ‘மாரடைப்பு போலத் தெரிந்தது’ என்ற ஒரே காரணத்துக்காக டிஸ்சார்ஜ் சீட்டில் ஆஸ்பிரின் 75-உம் குளோபிடோக்ரெல் 75-உம் ஒட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகும், ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 8-க்கு வந்து நிற்கும்.

தேதிகள்

தமனி சுத்தம், தசையில் காயம். இனி காரணம் எது? நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள்: தொற்று, குடல் நோயே இதயத்தைத் தொட்டது, மருந்து, ராட்சத அணு இதயத் தசை அழற்சி.

தமிழ்நாட்டில் காய்ச்சலோடு ட்ரோபோனின் ஏறினால் டெங்குவையும் ஸ்க்ரப் டைஃபஸையும் எலிக் காய்ச்சலையும் தேடாமல் மேலே போகக் கூடாது. அக்குள், இடுப்பு மடிப்பு, பிறப்புறுப்புப் பகுதி வரை ஸ்க்ரப் டைஃபஸின் கருகிய புண்வடு இருக்கிறதா என்று பார்க்கப்பட்டது, இல்லை. டெங்கு என்எஸ்1, ஸ்க்ரப் ஐஜிஎம், லெப்டோஸ்பைரா, கோவிட் எல்லாம் நெகட்டிவ். பொதுவான வைரஸ்களுக்கு ரத்தத்தில் எதிரணு பார்ப்பது இதயத் தசை அழற்சியில் பெரும்பாலும் பணச் செலவுதான். அந்த எதிரணுக்கள் எவருடைய ரத்தத்திலும் இருக்கும். மலத்தில் குளோஸ்ட்ரிடியோய்டஸ் டிஃபிசில் நச்சும் நெகட்டிவ்.

ராட்சத அணு அழற்சி அரிது, ஆனால் குடல் அழற்சி நோய் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களோடு சேர்ந்து வரக்கூடியது, கொல்லக்கூடியது. இதய அடைப்பு, விடாத கீழறை வேகத் துடிப்பு, சில நாட்களுக்குள் சரியும் பம்ப் திறன், வழக்கமான சிகிச்சைக்கு மசியாமை ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்று தலைகாட்டினாலும் இதயத் தசையிலிருந்தே திசு எடுக்க வேண்டும். இவருக்கு 48 மணி நேர மானிட்டரில் அவ்வப்போது வந்த தனித் துடிப்புகளைத் தவிர வேறில்லை. அதனால் பயாப்ஸி தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் இதய எம்ஆர்ஐ. பக்கச் சுவரில் டி2 மதிப்பு உயர்ந்து நீர்க்கோப்பைக் காட்டியது. கடோலினியம் ஏற்றிய பிறகான தாமதப் படத்தில் கீழ்ப் பக்கச் சுவரின் வெளிப்படலத்தை ஒட்டி வெண்மை தெரிந்தது. மாரடைப்பின் தழும்பு உட்படலத்திலிருந்து தொடங்கி வெளியே பரவும். அழற்சி அதை விட்டுவிட்டு வெளிப்புறத்தையோ நடுப்பகுதியையோ பிடிக்கும். டி1 வகைக் குறியீடு ஒன்று (இங்கே அந்த வெண்மை), டி2 வகைக் குறியீடு ஒன்று (இங்கே நீர்க்கோப்பு) என இரண்டும் இருந்தால் 2018-இல் புதுப்பிக்கப்பட்ட லேக் லூயிஸ் அளவுகோல்படி இதயத் தசை அழற்சி.

எம்ஆர்ஐ அழற்சி இருக்கிறது என்று சொல்லும். யாரால் என்று சொல்லாது. அதைச் சொன்னது மருந்துச் சீட்டின் தேதி. மெசலமினால் வரும் இதய அழற்சி பெரும்பாலும் மருந்து தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் வருகிறது. இவர் தொடங்கிய 16-ஆம் நாள். முதல் முறை எடுக்கிறார். குடல் தேறிக்கொண்டிருக்கும்போதே இதயம் கெடுகிறது. குடல் நோயே காரணமாக இருந்தால் இரண்டும் ஒரே திசையில் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இது அளவு கூடியதால் வரும் நச்சு அல்ல, ஒவ்வாமை வகை. மருந்துக்கு எதிராக உருவாகும் எதிரணுக்கள் இதயத் தசையையும் தாக்குகின்றன என்பது அதிகம் ஏற்கப்பட்ட விளக்கம். அணுவழி ஒவ்வாமை, நேரடி நச்சு என்ற விளக்கங்களும் உண்டு. நடைமுறையில் இதற்கு ஒரு பொருள்தான்: 4.8 கிராமை 2.4 ஆக்கித் தொடர்வதில் பலனில்லை. ஈசினோஃபில் உயர்ந்திருந்தால் சந்தேகம் வலுப்படும், உயராததால் விலக்கிவிட முடியாது. இவருடைய 6% கொஞ்சம் கூடுதல். முடிவைத் தாங்கும் அளவுக்கு இல்லை.

நிறுத்தியதும் கொடுத்ததும்

ஆஞ்சியோ முடிந்த அன்றே மெசலமின் நிறுத்தப்பட்டது. மாத்திரை மட்டுமல்ல, எனிமாவும். மாத்திரையை நிறுத்திவிட்டு இரவு எனிமாவை நர்ஸ் சார்ட்டில் விட்டுவிடுவது நடக்கிறது. மலக்குடல் வழியாகவும் மருந்து ரத்தத்தில் சேரும். இன்னொரு சறுக்கல், சல்ஃபாசலசினுக்கு மாற்றுவது. அதில் இருப்பதும் இதே 5-அமினோசாலிசிலிக் அமிலம்தான், சல்ஃபாபிரிடினோடு கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. பெருங்குடலின் பாக்டீரியாக்கள் கட்டை அவிழ்க்கின்றன. வேலை செய்யும் பகுதி எது என்பதை 1977-இல் ஆக்ஸ்ஃபோர்டில் காட்டியவர் வங்கதேச மருத்துவர் ஆசாத் கானும் குழுவினரும். பால்சலசைட், ஓல்சலசின் ஆகியவையும் அதே குடும்பம். கடையில் மெசலசின் என்ற பெயரில் கிடைப்பதும் மெசலமினே.

வலிக்குப் பாரசிட்டமால் 650 மி.கி. இதய உறை அழற்சிக்கு வழக்கமாகக் கொடுக்கும் இபுப்ரோஃபென் 600 மி.கி. மூன்று வேளை இங்கே கூடாது. குடல் நோயைக் கிளப்பிவிடும், தசையும் சேர்ந்து வீங்கியிருக்கும்போது இதயத்துக்கும் அது நல்லதல்ல. கோல்ச்சிசின் 0.5 மி.கி. இரு வேளை கொடுக்கலாமே என்று தோன்றும். அதன் முதல் பக்கவிளைவே பேதி. பேதி கூடினால் அது மருந்தா நோயா என்று ஒரு வாரம் குழம்ப வேண்டியிருக்கும். உறையில் நீர் கொஞ்சம்தான், வலி இரண்டு நாளில் அடங்கியது; கோல்ச்சிசின் தேவைப்படவில்லை.

பொட்டாசியத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். நான்கு மாதப் பேதியில் பொட்டாசியமும் மெக்னீசியமும் வெளியேறியிருக்கின்றன. ஸ்டீராய்டு தொடங்கினால் பொட்டாசியம் இன்னும் இறங்கும். வீங்கிய தசை, குறைந்த பொட்டாசியம், அதன்மேல் ஈசிஜியின் க்யூடி இடைவெளியை (ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை மின்னளவில் மீள எடுக்கும் நேரத்தை) நீட்டும் மருந்துகள் என்று சேர்ந்தால் ஆபத்தான துடிப்புக் கோளாறுக்கு எல்லாம் தயார். குடல் வார்டில் கை நீட்டினால் கிடைக்கும் ஒண்டான்செட்ரான், சிப்ரோஃப்ளாக்ஸசின், மெட்ரோனிடசோல் மூன்றும் க்யூடியை நீட்டக்கூடியவை. அதிக அளவில் லோப்பரமைடும் அப்படியே. இலக்கு: பொட்டாசியம் 4-க்கு மேல், மெக்னீசியம் 2 மி.கி.க்கு மேல். மெக்னீசியம் முதலில். அது குறைந்திருக்கும்வரை சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். வாய்வழி மெக்னீசியம் பேதியைக் கூட்டும் என்பதால் 50% மெக்னீசியம் சல்ஃபேட் 4 மி.லி. (2 கிராம்) எடுத்து 100 மி.லி. சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றப்பட்டது. பொட்டாசியம் குளோரைடு கைச் சிரை வழியாக மணிக்கு 10 மில்லிமோலுக்கு மிகாமல். பிறகு சிரப் 15 மி.லி. (20 மில்லிமோல்) இரு வேளை, தண்ணீர் கலந்து.

உறைவுத் தடுப்பாக ஹெப்பாரின் வகை மருந்தான எனாக்ஸாபரின் 40 மி.கி. தினம் ஒருமுறை தோலடியில். மலத்தில் ரத்தம் போகிறவருக்கு ஹெப்பாரினா என்று வீட்டார் மட்டுமல்ல, டியூட்டி டாக்டரும் கேட்பார். ரத்த அழுத்தத்தை இறக்கும் அளவுக்குப் பெருக்கு இல்லை என்றால், சேர்க்கப்பட்ட குடல் அழற்சி நோயாளிக்கு இந்தத் தடுப்பு அளவு கொடுக்கவே வேண்டும். இங்கே கூடுதலாக உறை நீர் இருப்பதால் மூன்று நாளும் எக்கோ பார்க்கப்பட்டது, நீர் கூடவில்லை.

கொலைட்டிஸுக்கு இரண்டாம் நாளிலிருந்து ப்ரெட்னிசோலோன் 40 மி.கி. காலையில் ஒரே வேளை, பிறகு வாரத்துக்கு 5 மி.கி. வீதம் குறைத்தல், கூடவே கால்சியமும் வைட்டமின் டி-யும். இதயத்துக்கு பைசோப்ரொலால் 1.25 மி.கி. பேதி மூன்று முறைக்குக் குறைந்து, சிறுநீரகமும் சீராக இருப்பதைப் பார்த்த பிறகுதான் எனலாப்ரில் 2.5 மி.கி. இரு வேளை சேர்க்கப்பட்டது. நீர் வற்றிய உடம்பில் எனலாப்ரில் சிறுநீரகத்தைச் சுருட்டிவிடும். நோயாளிக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டது: மறுபடி பேதி கூடினாலோ வாந்தி வந்தாலோ அன்று எனலாப்ரிலை நிறுத்திவிட்டுத் தெரிவிக்க வேண்டும். எனலாப்ரில் தொடங்கியதும் பொட்டாசியம் சிரப் நிறுத்தப்பட்டது. பேதிக்கு நல்லது என்று தினம் இரண்டு இளநீர் குடித்துவந்தவர் அதையும் குறைக்க வேண்டியிருந்தது.

காய்ச்சல் 36 மணி நேரத்தில் நின்றது. ட்ரோபோனின் மூன்றாம் நாள் 910, ஆறாம் நாள் 72. ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

மருந்துதான் என்று எவ்வளவு உறுதி?

பக்கவிளைவுக்கு மருந்துதான் காரணமா என்று மதிப்பெண் போடும் நரான்ஜோ மதிப்பீட்டில் இந்த நிகழ்வைப் போட்டுப் பார்க்கலாம். முன்பே பதிவான விளைவு, 1. மருந்துக்குப் பின் வந்தது, 2. நிறுத்தியதும் தணிந்தது, 1. புறநிலைச் சான்று, 1. வேறு காரணம் இல்லை என்றால் இன்னும் 2. மொத்தம் 7, ‘சாத்தியம் அதிகம்’ என்ற வகை. ஆனால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸே இதய அழற்சியைத் தரக்கூடும் என்று கறாராக எடுத்துக்கொண்டால் அந்த 2-க்குப் பதில் மைனஸ் 1. மொத்தம் 4, ‘இருக்கலாம்’ என்ற வகைக்கு இறங்கிவிடும். மருந்தை நிறுத்திய மறுநாளே ஸ்டீராய்டும் தொடங்கியதால், எது தணித்தது என்பதிலும் கலப்படம் இருக்கிறது. குடலுக்கு ஸ்டீராய்டு தேவைப்பட்டது, வேறு வழியில்லை.

மருந்தை மறுபடி கொடுத்துப் பார்த்தால் ஐயம் தீரும். கொடுக்கக் கூடாது. அப்படிக் கொடுத்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. இரண்டாம் முறை அழற்சி வாரக்கணக்கில் காத்திருப்பதில்லை, சீக்கிரமே திரும்புகிறது. மெசலமினுக்கு மாற்று இருக்கிறது, இதயத்துக்கு இல்லை என்பதால் ‘சாத்தியம் அதிகம்’ என்ற அளவே வாழ்நாள் தடைக்குப் போதும். நிகழ்வு இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். நோயாளியே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம்.

மருந்துக்கு அப்பால்

இந்த நிகழ்வில் குற்றவாளி மருந்து. ஆனால் குடல் அழற்சி நோய் தன் பங்குக்கும் இதயத்தையும் ரத்தக் குழாயையும் தொடுகிறது, பெரும்பாலும் உறைவு வழியாக. 2010-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், நோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்டபோது சிரை உறைவு 3.4 மடங்கு, நோய் கிளர்ந்த காலத்தில் மட்டும் 8.4 மடங்கு. டென்மார்க்கில் 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்த 2013 ஆய்வு தமனிப் பக்கத்தைக் காட்டியது: மாரடைப்பு ஒட்டுமொத்தமாக 1.17 மடங்குதான், கிளர்ச்சிக் காலத்தில் 1.49, அழற்சி விடாமல் நீடித்தவர்களுக்கு 2.05. இதய நோய்ச் சாவு கிளர்ச்சியில் 2.32 மடங்கு. நோய் அடங்கியிருந்த காலத்தில் மாரடைப்பு அபாயம் பொதுமக்களின் அளவுக்கு அருகே இருந்தது. சராசரியை மட்டும் பார்ப்பவர் ‘17% தானே’ என்று புரட்டிவிட்டுப் போவார். அபாயம் அழற்சியின் பின்னாலேயே போகிறது என்பதுதான் அந்த ஆய்வில் எடுத்துக்கொள்ள வேண்டியது. பார்க்கவேண்டிய அளவு கொழுப்பு மட்டுமல்ல, கால்ப்ரோடெக்டினும் கூட.

அடுத்த மருந்தைத் தேர்வதும் இதயத்தோடு சேர்ந்த முடிவு. இந்தியாவில் ஜெனரிக் டோஃபாசிட்டினிப் மலிவு, வாய்வழி, வேகமாக வேலை செய்யும். கை தானாகவே அதை நோக்கிப் போகும். 2022-இல் வெளியான ஓரல் சர்வைலன்ஸ் ஆய்வில், 50 வயது கடந்து இதய அபாயக் காரணி ஒன்றாவது இருந்த மூட்டுவாத நோயாளிகளில் பெரிய இதய நிகழ்வுகள் டோஃபாசிட்டினிப் எடுத்தவர்களுக்கு 3.4%, டிஎன்எஃப் (அழற்சியைத் தூண்டும் புரதம்) தடுப்பான் எடுத்தவர்களுக்கு 2.5%. நம் நோயாளி 29 வயது, அபாயக் காரணி இல்லாதவர், நோயும் வேறு. அந்த எண் இவருக்கு நேராகப் பொருந்தாது. ஆனாலும் இதயத் தசை ஆறாத மாதங்களில் உறைவு அபாயத்தைக் கூட்டும் மருந்தைத் தொடங்க அவசரம் என்ன? டிஎன்எஃப் தடுப்பான்களில் ஒன்றான இன்ஃப்ளிக்சிமாப் வேறு காரணத்தால் பின்னால் தள்ளப்பட்டது: 2003-இல் வெளியான அட்டாச் ஆய்வில், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கிலோவுக்கு 10 மி.கி. கொடுத்தபோது நிலை மோசமானது. வெளியேற்ற விகிதம் 46%-இல் இருக்கும்போது அதைத் தொடுவதில் நியாயமில்லை. ஓசானிமோட் போன்றவை முதல் நாட்களில் நாடியை மந்தமாக்கும், அவையும் பிறகே.

எஞ்சியவை இரண்டு: நோயெதிர்ப்பை அடக்கும் அசதயோப்ரின், குடலில் மட்டும் வேலை செய்யும் வெடோலிசுமாப். விலை காரணமாக முதலில் அசதயோப்ரின். தொடங்கும் முன், இந்த மருந்தை உடல் கையாளும் விதத்தைத் தீர்மானிக்கும் நுட்15 மரபணு பார்க்கப்பட்டது. ஆசியர்களில் இதன் மாறுபாடு கணிசம், டிபிஎம்டி என்ற இன்னொரு மரபணுவை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்தால் வெள்ளணுக்கள் திடீரென விழும், தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். மரபணு இயல்பு என்று வந்ததும் 50 மி.கி.யில் தொடங்கி 125 மி.கி. வரை (கிலோவுக்கு 2 மி.கி.), ரத்த அணு எண்ணிக்கை முதல் மாதம் வாரந்தோறும். இந்த மருந்து பிடிக்க மூன்று மாதமாகும். ப்ரெட்னிசோலோன் குறைந்துவரும் எட்டு வாரத்துக்குள் அது முழு வலுவுக்கு வராது என்பதால், ஸ்டீராய்டின் கடைசி 10 மி.கி. மெதுவாக இறக்கப்பட்டது. நோய் மீறினால் வெடோலிசுமாப் 300 மி.கி. 0, 2, 6-ஆம் வாரங்களிலும் பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறையும் என்று முடிவு செய்து, காசநோய்க்கான ஐஜிஆர்ஏ பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் முன்கூட்டியே எடுத்து வைக்கப்பட்டன.

பின்தொடர்தல்

ஆறாம் வாரம் வெளியேற்ற விகிதம் 58%. பக்கவாட்டு லீடுகளில் டி அலை தலைகீழாக இருந்தது. ஆறிவரும் தசையில் இது சில வாரம் நீடிக்கும், புதுக் கோளாறு என்று மீண்டும் ஆஞ்சியோவுக்கு அனுப்பத் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஓட்டம், ஜிம், கால்பந்து எதுவும் வேண்டாம், சமதளத்தில் நடக்கலாம். ஆறாம் மாதம் டிரெட்மில், 24 மணி நேர ஹோல்டர் (உடலில் அணியும் ஈசிஜி பதிவுக் கருவி), மறு எம்ஆர்ஐ. நீர்க்கோப்பு போய்விட்டது, வெளிப்படலத்தில் மெல்லிய தழும்பு மட்டும் மிச்சம். ஹோல்டரில் வேகத் துடிப்பு இல்லாததால் ஓட்டத்துக்கு அனுமதி. பைசோப்ரொலாலும் எனலாப்ரிலும் அந்த மாதமே ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. தழும்பு இருப்பதால் ஆண்டுக்கொரு முறை எக்கோவும் ஹோல்டரும்.

கொழுப்பு எண் ஒன்று கவனிக்கத்தக்கது. சேர்க்கப்பட்ட அன்று எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 74. பார்த்தவர் எவரும் நல்ல எண் என்றே சொல்வார்கள். அழற்சி கொழுந்துவிட்டிருக்கும்போது எல்டிஎல் தானாகவே இறங்கும். உடல் எடையும் குறைந்திருக்கும். ஆகவே குடல் நோய் கிளர்ந்திருக்கும்போது எடுத்த கொழுப்புப் பரிசோதனையை வைத்து அபாயம் கணிக்கக் கூடாது, வழக்கமான கணிப்புச் சூத்திரங்களும் இந்த நோயைக் கணக்கில் எடுப்பதில்லை. பிரிட்டனின் க்யூரிஸ்க்3 கூட மூட்டுவாதத்தையும் லூபஸையும் ஸ்டீராய்டையும் சேர்த்துக்கொண்டது, குடல் அழற்சியைச் சேர்க்கவில்லை. ஒன்பதாம் மாதம், கால்ப்ரோடெக்டின் 90-இல் நின்று ஸ்டீராய்டும் முழுதாக நிறுத்தப்பட்ட பிறகு, அதே ஆய்வகத்தில் எல்டிஎல் 128. இந்த வயதில், வேறு அபாயக் காரணி இல்லாமல், இப்போதைக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் இல்லை. ஆண்டுதோறும் நோய் அடங்கியிருக்கும் மாதம் பார்த்து எல்டிஎல், ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை மூன்றும் எடுக்கவேண்டும். கிளர்ச்சி ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் வந்தாலோ ஸ்டீராய்டு மறுபடி தேவைப்பட்டாலோ ஸ்டேட்டின் பற்றிய முடிவை மறுபடி எடுக்கவேண்டும் என்று கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது.